ஆறு கம்பிக்கும் பச்சை விளக்கு

இல்லக்கா, மெஷின் எல்லாம் இல்ல, உள்ள கிட்டார்தான் இருக்கு. கண்டக்டர் மேல வைக்கச் சொன்னாரு, மாட்டேன்னுட்டேன். மேல வச்சா ஒட்டன்சத்திரத்துல ஏறுறவங்க வெங்காய மூட்டையைத் தூக்கி இது தலையில வைப்பாங்க. உங்க முழங்கால்ல இடிக்குதா? இருங்க, இப்படிச் சாய்ச்சுக்கறேன். இப்பப் பரவாயில்லையா?

நானா? நான் வாசிக்கறதா? நல்லாக் கேட்டீங்க போங்க. எனக்கு ஜாக்கெட் தைக்கத் தெரியும், ஞாயித்துக்கிழமை பூசையில பாடத் தெரியும், அவ்வளவுதான். எங்க கோயில் பாடகர் குழுவுல ரெண்டாவது குரல் நான். இது எங்க வீட்டுக்காரரோடது. அமலதாஸ்னு பேரு. மலைச்சாரல் இன்னிசைக் குழுன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, திண்டுக்கல்ல கல்யாண வீட்டுக் கச்சேரி எல்லாம் அவங்கதான். கேள்விப்படலையா? சரி விடுங்க. அதுல கிட்டார் வாசிக்கறது அவருதான். வாசிச்சிட்டு இருந்தாரு. இன்னிக்கு ராத்திரி நல்லபடியா முடிஞ்சா மறுபடியும் வாசிப்பாரு. அதுக்குத்தான் இதைத் தூக்கிட்டு ஓடறேன். ஏழு மணிக்குப் பழனியில ரிசப்ஷன். இந்த வண்டி இப்படி உருண்டா பந்தி முடிஞ்சு இலை எடுக்கறப்பத்தான் போய்ச் சேரும் போலிருக்கு.

நடந்து போறவங்களைக் குத்தம் சொல்லக் கூடாதுதான். தைப்பூசத்துக்குப் பழனி ரோடு இப்படித்தான்னு தெரியாதா எனக்கு. நாங்களும் வேளாங்கண்ணிக்கு நடக்கறவங்கதான். ஆனா இன்னிக்கு ஒருநாள் கொஞ்சம் ஓரமா நடந்தா முருகன் கோவிச்சுக்குவாரா சொல்லுங்க.

அவரு முன்னாடியே போயிட்டாரு. காலையில கோயமுத்தூருக்கு, கை டாக்டர்கிட்ட. அந்த டாக்டர் இன்னிக்குத்தான் வரச் சொல்லியிருந்தாரு. அங்கேருந்து நேரா பழனி. ஒரு கையால இந்தப் பெட்டியையும் தூக்கிட்டு பஸ் மாறி பஸ் ஏற முடியுமா? அதான், நீங்க போங்க, நான் கொண்டு வரேன்னு சொன்னேன்.

கையா? அதை ஏன் கேக்குறீங்க. போன வருஷம் ஒரு கச்சேரி முடிஞ்சு ஸ்பீக்கர் பெட்டியை வேன்ல ஏத்தியிருக்காங்க. ஏத்தறதுக்கு ஆள் இருக்காங்க, இவருக்கு என்ன வேலை? எல்லாத்துக்கும் ஒரு கை கொடுக்கணும் இவருக்கு. கொடுத்தாரு. பெட்டி நழுவி அவரோட இடது கை மேல. மோதிர விரலும் சுண்டு விரலும் நசுங்கிப் போச்சு. எலும்பு சேந்துருச்சு, ஆனா மடங்க மாட்டேங்குது. இப்பவும் டம்ளரைப் பிடிச்சார்னா அந்த ரெண்டு மட்டும் தனியா நீட்டிட்டு நிக்கும். பாக்கவே கஷ்டமா இருக்கும்.

குழுவை நடத்தறவரு பாக்கியநாதன், பாக்கியம் அண்ணன்னு கூப்பிடுவோம். கீபோர்டு வாசிப்பாரு. தங்கமான மனுஷன். ஆஸ்பத்திரிக்கு ஆப்பிள் வாங்கிட்டு வந்தாரு, பக்கத்துல உக்காந்து அழுதாரு. கொஞ்ச நாள் காத்திருந்தாரு, அப்புறம் வேற ஆளைச் சேத்துக்கிட்டாரு. அவரைத் தப்பு சொல்ல முடியாது. கல்யாண வீட்டுக்காரன் கைக்கட்டைப் பாத்து முகூர்த்தத்தைத் தள்ளி வைப்பானா? இப்ப அந்த ஆளு வெளிநாட்டுல வேலைன்னு கிளம்பிட்டான். போன வாரம் அண்ணன் போன் பண்ணாரு. "தாஸ், பழனிக்கு வா. ஒரே ஒரு பாட்டு தனியா வாசி. கை எப்படி இருக்குன்னு பாக்கறேன். சரியா இருந்தா இந்த முகூர்த்த சீசன் பூரா நீதான். இல்லேன்னா மதுரையில ஒரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன், தப்பா நினைக்காதே"ன்னாரு. இவரு "சரிண்ணே"ன்னு மட்டும் சொன்னாரு. போனை வச்சுட்டு முகத்தைக் கழுவப் போயிட்டாரு. ரொம்ப நேரம் தண்ணி விழுந்துட்டே இருந்துச்சு.

அவரு வீட்டுலயே கிடந்து நீங்க பாத்ததில்லையே. பேச்சு கிடையாது. சாப்பாடு வச்சா சாப்பிடுவாரு, வைக்காட்டி கேக்க மாட்டாரு. மேடையில நின்னாத்தான் அவரு மனுஷன். எனக்கு அந்த மனுஷன் வேணும்க்கா. வேற ஒண்ணும் வேண்டாம்.

டிரைவர் அண்ணே, கொஞ்சம் ஹாரனாவது அடிங்க. காது கேக்குதா அவருக்கு, பாருங்க.

நான் அவருக்குக் கூடவே நின்னேன். அதை யாரும் மறுக்க முடியாது. அவரு பண்ணின கூத்துக்கு வேற பொம்பளையா இருந்தா கிட்டாரைத் தூக்கி வெளிய வச்சிருப்பா. என்ன கூத்துங்கறீங்களா? சொல்றேன். கிட்டார்ல ஆறு கம்பி. ஒவ்வொண்ணும் இன்ன சத்தத்துல நிக்கணும்னு ஒரு கணக்கு இருக்கு. உலகம் பூரா அந்தக் கணக்குதான். தலையில ஆறு திருகு இருக்கும், முறுக்கினா சத்தம் ஏறும், தளர்த்தினா இறங்கும். கல்யாணமான நாள்லேருந்து அந்த ஆறு சத்தத்தையும் கேட்டுட்டு இருக்கேன், தூக்கத்துல கேட்டாலும் சொல்வேன். இவரு கைக்கட்டு அவுத்த புதுசுல ஒருநாள் திருக உக்காந்தாரு. திருகு இடது கைப் பக்கம்தானே இருக்கு, பலம் பத்தல. ஒரு கம்பி ஏற வேண்டிய இடத்துக்கு ஏறாம பாதியிலேயே நின்னு போச்சு. சரி, என்னைக் கூப்பிட்டா நான் முறுக்கித் தர மாட்டேனா? கூப்பிடல. அப்படியே விட்டுட்டு ஒரு தட்டு தட்டினாரு. திரும்பத் திரும்ப அதையே தட்டிட்டு உக்காந்திருந்தாரு. அன்னிக்குப் பிடிச்சது சனி.

மறுநாள் இன்னொரு கம்பியை இறக்கினாரு. அப்புறம் இன்னொண்ணு. ஒரு வாரம் ஒரு மாதிரி வைப்பாரு, மறுவாரம் கலைச்சிட்டு வேற மாதிரி. ஒவ்வொரு திருகுக்கும் பல்லைக் கடிச்சிட்டு, நெத்தியில வேர்வை கொட்டும். ஆறையும் முடிக்க அரை மணி நேரம் ஆகும். என்னங்க பண்றீங்கன்னு கேட்டா, "விரல்தான் மடங்க மாட்டேங்குது, கம்பியாவது மடங்கட்டும் செலின்"ம்பாரு. இது ஒரு பேச்சா?

நான் ஒரு வார்த்தை சொன்னதில்லக்கா. இது கிட்டாரா தம்புராவான்னு கேட்டேன், அவ்வளவுதான். அதுவும் எப்பவாவது கேப்பேன். அப்புறம் ஒருநாள், அடுப்பங்கரையில டப்பாவை எல்லாம் இடம் மாத்தி வச்சா துவரம்பருப்பு பாசிப்பருப்பு ஆயிருமான்னு கேட்டேன். அதுக்குச் சிரிச்சாரு. "ஆகாது. ஆனா உப்பைத் தேடி கை விட்டா வெல்லம் வரும்ல"ன்னாரு. சோத்துல வெல்லம் போட்டா யாரு திங்கறதுன்னேன். அவரு தங்கச்சி வந்திருந்தப்ப, ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்னு சொன்னேன். அது பொதுவாச் சொன்னது. ஜாக்கெட் அளவு பத்திப் பேசிட்டு இருந்தோம், வாயில வந்துச்சு. அதுக்கப்புறம் அவரு கூடத்துல வாசிக்கறதில்ல. உள் ரூமுக்குப் போய் கதவைச் சாத்திக்குவாரு. சாத்தினா கேக்காதா? எங்க வீடு என்ன அரண்மனையா, ஒரு பலகைக் கதவு. அடுப்பங்கரையில நின்னா எல்லாம் கேக்கும்.

இன்னிக்குக் காலையில போகும்போது வாசல்ல நின்னு சொன்னாரு, "பெட்டியைத் திறக்காம அப்படியே கொண்டு வா." சரின்னேன். அது அவரு எப்பவும் சொல்றதுதான். தூசி படும், வெயில் படும்னு சொல்வாரு. ஆனா எனக்கு மனசு கேக்கல. நேத்து சாயங்காலம் பூரா உள்ள உக்காந்து திருகிட்டு இருந்தாரே, எப்படி வச்சிருக்காரோன்னு திறந்து பாத்தேன். எங்க மக அனிட்டா போன்ல ஒண்ணு போட்டுக் குடுத்திருக்கா. கம்பியைத் தட்டினா அதுவே கேட்டுக்கும். சத்தம் சரியா இருந்தா பச்சை விளக்கு, தப்பா இருந்தா சிவப்பு. ஒவ்வொண்ணாத் தட்டினேன். ரெண்டு கம்பிதான் சரியா இருந்துச்சு. மூணு இறங்கிக் கிடக்கு. கடைசி மெல்லிசுக் கம்பி தொளதொளன்னு தொங்கியே போச்சு. மாதாவேன்னு நெஞ்சில கை வச்சுட்டேன். இதைக் கொண்டுபோய்ப் பாக்கியம் அண்ணன் முன்னாடி தட்டினா என்ன ஆகும்? மதுரைக்காரனுக்கு அங்கேயே போன் போயிரும்.

அதான் நானே உக்காந்து சரிபண்ணிட்டேன். பயந்து பயந்துதான் முறுக்கினேன், அறுந்துருமோன்னு. அறுகல. ஆறுக்கும் பச்சை விளக்கு வந்துச்சு. அவர்கிட்ட இன்னும் சொல்லல. பெட்டியைத் திறந்து தட்டினார்னா அவருக்கே தெரியும். பொண்டாட்டின்னா வெறும் சோறு பொங்கறவ இல்லன்னு இன்னிக்காவது தெரியட்டும்.

நின்னே போச்சே. என்ன அண்ணே, இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டீங்க? காவடி போகணுமா. போகட்டும், போகட்டும். நாங்க இங்கயே குடியிருக்கோம்.

என்ன கேட்டீங்க? ரெண்டு விரல் மடங்காம எப்படி வாசிப்பாருன்னா? அட, அது ஒண்ணும் பெரிசில்ல. ஆள்காட்டி விரலை மட்டும் ஆறு கம்பி மேலயும் படுக்க வைப்பாரு. அப்படியே மேலயும் கீழயும் நகத்துவாரு, இஸ்திரி போடற மாதிரி. ஒருநாள் கதவு இடுக்குல பாத்தேன். அந்த ஒத்த விரல்லயே பாட்டு வரும். நான் என்னமோ சொல்றேன், ஆனா ஒண்ணு ரெண்டு தடவை கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. இருங்க, காட்டறேன். வண்டிதான் நகர மாட்டேங்குதே. அந்தக் கொக்கியை மட்டும் அமுக்குங்க. ஆங். கழுத்தைச் சன்னல் பக்கம் நீட்டிக்கறேன், உங்களுக்கு இடிக்காது. பாருங்க, விரலை இப்படிப் படுக்க வச்சு, இந்தக் கையால ஒரு தட்டு.

இல்ல, இது இல்ல. எனக்குச் சரியா அமுக்க வரல. இருங்க, இன்னொரு தடவை.

என்னக்கா, நாலு பேரு ஒரே நேரத்துல பேசற மாதிரி இருக்கு. விரலை வேற இடத்துல வச்சுப் பாக்கறேன். இங்க? இங்கயும் அதேதான். ஒட்டவே மாட்டேங்குதே. வெயில்ல பெட்டி காஞ்சிருச்சோ? ஆனா பச்சை விளக்கு வந்துச்சே. ஆறுக்கும் வந்துச்சு, நான் பாத்தேன்.

முன்னாடி அவரு வாசிக்கும்போது நாலு விரலும் ஆளுக்கு ஒரு இடத்துல போய் உக்காரும். ஒண்ணு இங்க, ஒண்ணு கீழ, ஒண்ணு அந்தப் பக்கம். அப்பத்தான் ஆறு கம்பியும் சேந்து பேசும். அது பழைய கணக்கு. அதுக்கு நாலு விரல் வேணும்.

நாலு விரல் வேணும்ல.

ஒரு விரல்தான் ஆறு கம்பியையும் அமுக்கணும்னா, அந்த ஒரு விரலுக்கு ஏத்த மாதிரி கம்பியை வச்சாத்தான்... அக்கா, அவரு தெரியாம ஒண்ணும் வைக்கல. இத்தனை நாளா வேர்வை கொட்டக் கொட்ட அதைத்தான் தேடியிருக்காரு. தேடி, கண்டுபிடிச்சு, நேத்து சாயங்காலம் வச்சு, மூடி என் கையில குடுத்துட்டுப் போயிருக்காரு. நான் அதை முறுக்கி வச்சுட்டேன். பச்சை விளக்கைப் பாத்து முறுக்கி வச்சுட்டேன்.

ஒண்ணும் ஆகாதா? அவரே சரிபண்ணிக்குவாரா? எப்படிக்கா சரிபண்ணுவாரு. அவரு கைக்கு அரை மணி நேரம் ஆகும்னு சொன்னேன்ல. இந்த வண்டி போய்ச் சேரும்போதே ஏழு ஆயிரும். மண்டப வாசல்லயே நிக்கறேன்னு சொல்லியிருக்காரு, வாங்கின கையோட மேடை ஏறணும். கூட்டத்துக்கு முன்னாடி, பாக்கியம் அண்ணனுக்கு முன்னாடி, விரலைப் படுக்க வச்சு ஒரு தட்டு தட்டுவாரு. இப்ப வந்துச்சே, அந்தச் சத்தம் வரும். கை போயிருச்சுன்னு நினைப்பாங்க. எல்லாரும் கை போயிருச்சுன்னுதான் நினைப்பாங்க.

போன் அடிக்குது. அவருதான். நீங்க பேசாதீங்க, நான் பேசிக்கறேன்.

ஹலோ. ஆமா, வந்துட்டே இருக்கோம். ரோட்டுல காவடிக் கூட்டம், அதான். டாக்டர் என்ன சொன்னாரு? சரி. சாப்பிட்டீங்களா? சரி, சரி. இல்ல, திறக்கல. நான் ஏன் திறக்கறேன். மடியிலதான் வச்சிருக்கேன். வச்சிடறேன், சிக்னல் விட்டு விட்டு வருது.

அப்படிப் பாக்காதீங்கக்கா. வேற என்ன சொல்றது அவர்கிட்ட? மேடை ஏறப் போற மனுஷனை பயமுறுத்தவா முடியும்? நானே முறுக்கினேன், நானே இறக்கி வச்சிடறேன். காதும் காதும் வச்ச மாதிரி முடிஞ்சிரும். நீங்க இந்தப் பெட்டியை மட்டும் நிறுத்திப் பிடிச்சுக்கங்க, மூடி என் முதுகுல விழாம.

எப்படித் தெரியும்னா கேக்குறீங்க? தினமும் காலையில கேக்கறேனே, இப்பக் கொஞ்ச நாளா மாத்தாம ஒரே மாதிரிதான் வைக்கறாரு. அவரு தடிமன் கம்பியில ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா மெல்லிசுக்கு வருவாரு. எனக்கு அது வீட்டு வேலை மாதிரி பழகிப் போச்சு. முதல் கம்பி நான் பால் காய்ச்சும்போது கேக்கும். அது காதுல கேக்காது, அடிவயித்துல கேக்கும். இருங்க, காதை மரத்து மேல வச்சுக்கறேன். மரத்துல வச்சா இந்தக் கூட்டத்துச் சத்தம் போயிருது. ம். இறங்கு, இறங்கு. இன்னும். நில்லு. கேட்டீங்களா? இதுதான் பால் காய்ச்சற சத்தம்.

அடுத்த ரெண்டும் காலையில போன்ல தட்டினப்பவே பச்சையாத்தான் இருந்துச்சு. அதை அவரு தொடவே இல்ல போல. விட்ருவோம். இது நாலாவது. இட்லி ஊத்தும்போது கேக்கற கம்பி. இதுக்குத்தான் ரொம்ப நேரம் எடுத்துக்குவாரு, கொஞ்சூண்டு இறக்குவாரு, அப்புறம் கொஞ்சம் ஏத்துவாரு. எனக்குக் கோவமா வரும், மாவுல கரண்டியைப் போட்டு அடிப்பேன். அங்கதான், இல்ல, அதுக்குக் கொஞ்சம் கீழ. இதோ. இது இருந்தாத்தான் மத்ததெல்லாம் சிரிக்கும். அஞ்சாவது தேங்காய் திருவும்போது. இது சுலபம், இது மூணாவதுக்குப் பக்கத்து வீட்டுக்காரி மாதிரி கூடவே பேசணும். ம். வந்துருச்சு.

இப்ப விரலைப் படுக்க வைக்கறேன். கடைசிக் கம்பியை விட்டுட்டு அஞ்சை மட்டும் தட்டறேன், கேளுங்க.

கேட்டீங்களா.

விரலை நகத்தறேன் பாருங்க. அங்கயும் வருது. இங்கயும் வருது. ஒத்த விரல்லக்கா. வெளிய அந்த மஞ்சச் சேலைக்காரம்மா நின்னு திரும்பிப் பாக்குறாங்க, பாத்தீங்களா? இது நல்லா இருக்கு. நான் சொல்றேன், இது ரொம்ப நல்லா இருக்கு. பழைய கணக்குல இந்தச் சத்தமே கிடையாது, நான் கேட்டதே இல்ல. இதைத்தான் தம்புரான்னு சொன்னேன் நான்.

கடைசிக் கம்பியா? அதுதான் யோசிச்சிட்டு இருக்கேன். அது தொங்கிட்டுல்ல கிடந்துச்சு. ராத்திரி நழுவிருச்சா, அவரே விட்டுட்டாரா தெரியல. இப்ப இருக்கற இடத்துல வச்சுத் தட்டினா மத்த அஞ்சோட முறைச்சிக்கிட்டு நிக்குது. கொஞ்சம் இறக்கினா, இங்க நல்லா இருக்கற மாதிரி இருக்கு. இன்னும் இறக்கினா அங்கயும் நல்லா இருக்கு. எதுன்னு எனக்குத் தெரியல.

அஞ்சு தெரியுது, ஆறாவது எப்படித் தெரியாமப் போச்சுன்னு கேக்குறீங்க. கேளுங்க, கேக்க வேண்டியதுதான். அந்தக் கம்பிக்கு அவரு வரும்போது நான் மிக்சியைப் போட்ருவேன். சட்னி அரைக்கணும்ல. அரை மணி நேரமா கேட்டுட்டே இருந்தா மனுஷிக்கு வெறுப்பு வராதா? சில நாள் சட்னி அரைச்சு முடிஞ்சும் ஓடும். வெறும் ஜாரை வச்சு ஓட விட்ருக்கேன். அவரு நிறுத்தற வரைக்கும் ஓட விடுவேன். தினமுமான்னா, தினமும்தான்.

இப்ப என்னக்கா பண்றது? அவரைக் கேட்டா நான் தொட்டது தெரிஞ்சிரும். திறக்கலன்னு இப்பத்தான் சொன்னேன். கேக்காம குடுத்தா மேடையில தெரியும். என்கிட்டக் கோவப்பட்டாக்கூடப் பரவாயில்ல. கோவமே படாம உள்ள போய்க் கதவைச் சாத்திக்குவாரு. அதுதான் எனக்குப் பயம். அந்தக் கதவைப் பாத்துட்டு இன்னொரு வருஷம் என்னால நிக்க முடியாது.

அவருக்கே போன் போடறேன். இந்தாங்க, நீங்க பிடிங்க, ஸ்பீக்கர்ல போட்டுட்டேன். எனக்கு ரெண்டு கையும் வேணும்.

ஹலோ. ஏங்க. நான் திறந்துட்டேன். இப்ப இல்ல, காலையிலேயே. சும்மா திறக்கல, முறுக்கிட்டேன். ஆறையும். பழைய மாதிரி. பச்சை விளக்கு வர வரைக்கும். எனக்குத் தெரியலைங்க, நீங்க தப்பா வச்சிருக்கீங்கன்னு நினைச்சேன். திட்டணும்னா அப்புறம் திட்டுங்க, முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. அஞ்சு கம்பியைத் திரும்ப உங்க மாதிரியே வச்சுட்டேன். போனைப் பாத்து இல்ல. காதால கேட்டு வச்சேன். இருங்க, தட்டறேன். விரலைப் படுக்க வச்சுத்தான் தட்டறேன். கேக்குதா?

சத்தமே இல்லக்கா. லைன் இருக்கா பாருங்க. இருக்கா?

ஏங்க.

நீங்களும் கேட்டீங்கல்ல. "நீ கேட்டுட்டா இருந்தே"ன்னு கேக்குறாரு. என்ன குரல் அது.

ஆமாங்க, கேட்டுட்டுத்தான் இருந்தேன். ஒரு நாள் விடாம கேட்டேன். அந்தக் கதவு என்ன பெரிய கதவு. சரி, இப்பக் கடைசிக் கம்பியைச் சொல்லுங்க, அது ஒண்ணுதான் பாக்கி. அதை எங்க வைக்கணும்?

என்னது? எங்கயும் வைக்கலையா?

கேட்டீங்களாக்கா. அதுக்கு வரும்போதெல்லாம் மிக்சி ஓடுமாம். காதுல விழாதாம். அதனால அதைத் தளர்த்தி விட்டுட்டு அஞ்சு கம்பியிலயே பழகிக்கிட்டாராம். கோவமாக்கூடச் சொல்லல பாருங்க. இன்னிக்கு ரேஷன் கடை லீவுங்கற மாதிரி சொல்றாரு. தளர்த்தி விட்டுட்டு எடுத்துட்டு வா, போதும்ங்கிறாரு.

முடியாது. தளர்த்த மாட்டேன். அஞ்சு கம்பியில நீங்க மேடை ஏற வேண்டாம். பாக்கியம் அண்ணன் கூப்பிட்டா கூப்பிடட்டும், வரேன்னு சொல்லுங்க. வண்டி இன்னும் நகரல, காவடி போயிட்டுத்தான் இருக்கு. எங்க வைக்கறதுன்னு தெரியாதுன்னா இப்பப் பாருங்க. நான் அஞ்சையும் தட்டிட்டே இருக்கேன். அதைக் கேட்டுக்கிட்டு, ஆறாவது உங்களுக்கு எங்க இருந்தா நல்லா இருக்குமோ, அந்த இடத்தை வாயால பாடுங்க. நான் அங்க கொண்டு வந்து நிறுத்தறேன். சத்தமா இருந்தா மண்டபத்துக்குப் பின்னாடி போங்க. சமையக்கட்டு வேண்டாம், வெளிய போங்க.

போயிட்டீங்களா? பாடுங்க. இங்க மிக்சி ஓடல.

அக்கா, போனை இன்னும் கொஞ்சம் கிட்டப் பிடிங்க.